வராத பிள்ளைகளின் நோட்டு

எட்டயபுரம்,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தாயிக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உங்கப்பாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. மழை ஈரம் ஏறினால் ராத்திரியெல்லாம் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்கு வாடா என்றால் பொங்கல் கழியட்டும் என்கிறான். நீ ஒரு வார்த்தை அதட்டினால் கேட்பான், நான் சொன்னால் கேட்க மாட்டான். இந்த வருஷம் மழை நல்ல மழை. கரிசல் காட்டுக்குள் காலை வைத்தால் செருப்பைத் திரும்ப எடுக்க முடியவில்லை. உளுந்தும் பாசியும் நன்றாக முளைத்திருக்கின்றன. சனிக்கிழமை ஆட்டுச் சந்தையில் தீபாவளிக் கூட்டம், பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வர வழியில்லை.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. "கையால எழுதின லெட்டர் கொண்டுவந்து எத்தன காலமாச்சும்மா" என்று தபால்காரர் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுப் போனார். போனில் 'நல்லாருக்கேன் அத்தை' என்பதோடு நிறுத்திக்கொள்கிற பிள்ளை, உள்ளே இத்தனை சங்கடத்தை வைத்துக்கொண்டா இருந்தாய்? அதனால்தான் நானும் போனை எடுக்காமல் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொன்னால் 'சரி அத்தை, சரி அத்தை' என்று வைத்துவிடுவாய்.

முதலில் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலை உணவு வந்ததும் ருசி பார்த்துப் பரிமாறச் சொல்லிவிட்டு, நீ மத்தியானம்வரை வெறும் வயிற்றோடு நிற்கிறாயாம். அந்தக் குளிரில் தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து, தளி தாண்டி இறங்கி, அங்கிருந்து நடந்து போகிற உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? உங்கள் பக்கம் கேப்பைக் களிக்குப் பஞ்சமா? வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டால் காலையில் ஒரு உருண்டை தராமலா போவார்கள்? கேட்கக் கூச்சப்படாதே. ஆச்சி இருந்தவரை நம் வீட்டில் ஒருத்தரும் வெறும் வயிற்றோடு வாசல் தாண்டினதில்லை.

இப்போது நீ எழுதின சங்கதிக்கு வருகிறேன். டீச்சர் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். பதிவேட்டில் இருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் அப்பா அம்மாவோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்கிறாய். வருகிறவர்களுக்கும் வீட்டில் தெலுங்கு, இல்லாவிட்டால் கன்னடம். காலை நேரமெல்லாம் செல்போனில் வருகையைப் பதிவதிலும் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றுவதிலும் போய்விடுகிறது. படிக்கப் படிக்க மனசு கனத்தது. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வரி. 'தாத்தா மாதிரி இருக்க எனக்கு வராது அத்தை' என்று எழுதியிருந்தாய்.

எந்தத் தாத்தா மாதிரி, தாயி?

நீ பார்த்தது ரிட்டயர் ஆன தாத்தாவை. திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர். உன்னைச் சந்தைக்குக் கூட்டிப்போய் ஆட்டை எண்ணச் சொல்லி, சரியாக எண்ணினால் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தவர். 2009 இல் அவர் போனபோது உனக்குப் பத்து வயசு. வந்த கூட்டத்தைப் பார்த்தாய். மாலைகளைப் பார்த்தாய். பெரிய பெரிய ஆட்கள் வந்து காலில் விழுந்ததைப் பார்த்தாய். அந்தக் கூட்டத்தை வைத்து அவரை அளந்து, அந்த அளவுகோலை இப்போது உன் மேல் வைத்துக்கொண்டிருக்கிறாய். அவரோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். எனக்குத் தெரிந்த மனுஷனைச் சொல்கிறேன், கேள்.

1952 இல் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது வயது 21. பிள்ளைகள் மேல் இருந்த பிரியத்தால் வாத்தியார் ஆனார் என்று நினைத்துவிடாதே. மானாவாரிக் காட்டில் விளைச்சல் இல்லை, வீட்டில் கஞ்சிக்கே கஷ்டம். டிரெயினிங் ஸ்கூலில் உதவித்தொகை உண்டு என்று யாரோ சொன்னார்கள், போய்ச் சேர்ந்தார். இதை அவரே என்னிடம் சொன்னார், மறைக்கவில்லை. சேர்ந்த புதிதில் அவருக்குப் பேர் 'விளாறு சார்'. புளிய விளாறை நார் உரித்து, மேசை டிராயரில் வைத்திருப்பார். நேரம் கழித்து வந்தால் அடி, வாய்ப்பாடு தப்பினால் அடி. அந்தக் காலத்தில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. 'ரெண்டு கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிருங்க சார்வாள்' என்று சொல்லித்தான் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள்.

1953 இல் ராஜாஜி அரை நேரப் படிப்பைக் கொண்டுவந்தார். மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் அப்பன் தொழில். அடுத்த வருஷம் காமராஜர் வந்ததும் அதை எடுத்துவிட்டார். அந்த ஒரு வருஷத்தில் தறிக்குழிக்குள் இறங்கின பிள்ளைகளில் சிலர் மேலே ஏறி வரவே இல்லை என்று தாத்தா சொல்வார். 'நீங்க தேடிப் போனீங்களாப்பா?' என்று நான் கேட்டிருக்கிறேன். 'அப்போ எனக்கு அது தோணல. வந்த பிள்ளைக்குத்தான நான் வாத்தியார்னு நெனச்சுக்கிட்டேன்' என்றார்.

பிறகு சோறு வந்தது. அதில் நம் ஊருக்குப் பெருமை உண்டு, உனக்கும் தெரிந்ததுதான். 1956 இல் மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் தொடங்கி வைத்தது இங்கேதான். ஆனால் அரசாங்கம் முழுச் செலவையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அது ஆறு நயா பைசா கொடுத்தால், ஊர் நாலு நயா பைசா போட வேண்டும். அந்த நாலு பைசாவைச் சேர்க்கிற வேலை வாத்தியார்கள் தலையில். தாத்தா கடை கடையாக ஏறி இறங்கினார். வீடுகளில் பிடி அரிசி கேட்டார். கொடுக்காதவர்களிடம் சண்டை போட்டார். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்த காலத்தில் கடிகாரம், கரும்பலகை, பெஞ்சு என்று ஊர்க்காரர்களிடம் வாங்கிச் சேர்த்தார். அப்புறம் அமெரிக்காவிலிருந்து கேர் அமைப்பின் மாவும் பால் பவுடரும் வந்தன. அந்த மக்காச்சோள உப்புமாவின் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. நான் சொல்ல வருவது வேறு. அவ்வளவு அலைந்தபோதும் அவர் அலைந்தது சோற்றுக்கும் கட்டடத்துக்கும்தான். பிள்ளை வீட்டு வாசலை அவர் மிதித்ததில்லை. சோறு போட்டால் வருவார்கள் என்று நினைத்தார். நிறையப் பேர் வரவும் செய்தார்கள்.

வராதவர்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள்.

1970 வாக்கில் இருக்கும், நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் ஒரு அம்மா நம் வீட்டு வாசலில் வந்து நின்று தாத்தாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். முந்தின நாள் அவள் மகனைத் தாத்தா அடித்திருக்கிறார். வாரத்தில் ரெண்டு நாள் வருவான், வந்தாலும் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவான். "எம்மகன அடிச்சீகளே சார்வாள், அவன் விடிய்ய நாலு மணிக்கு எந்திரிச்சது ஒங்களுக்குத் தெரியுமா? ஒரு நா வந்து பாருங்க. வந்து பாத்துட்டு அப்புறம் அடிங்க" என்றாள். தெருவே வேடிக்கை பார்த்தது. ஆச்சிக்கு அவமானம் தாங்கவில்லை, உள்ளே போய் அழுதாள். தாத்தா ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த அம்மா வீட்டுத் தெரு முக்கில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து நின்றது. பிள்ளைகளை ஏற்றிவிட ஒரு ஏஜெண்டு. அவன் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். தூக்கம் தெளியாத பிள்ளைகளைத் தாய்மார் தோளில் போட்டுக் கொண்டுவந்து ஏற்றினார்கள். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் முன்பணம் எவ்வளவு பாக்கி, எவள் தம்பியை வைத்துக்கொண்டு இன்றைக்கு வரமாட்டாள், எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. தாத்தா அதே பஸ்ஸில் ஏறி ஆபீஸ் வரைக்கும் போனார். வாசலுக்கு உள்ளே விடவில்லை. ஜன்னல் வழியே பார்த்தார். பிள்ளைகள் வரிவரியாகக் கட்டையை வைத்துக்கொண்டு, காடி வெட்டின சட்டங்களில் ஒவ்வொரு குச்சியாகச் செருகிக்கொண்டிருந்தார்கள். அவர் வகுப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டைக்கு இவ்வளவு என்று கூலி, நிமிர்ந்தால் காசு போகும்.

வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் அவர் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "எனக்கு முன்னாடி அவன் அட்டெண்டென்ஸ் எடுத்துட்டான்" என்றார். "அவனுக்கு அத்தன வீடும் தெரியுது. பதினெட்டு வருஷம் வேல பாத்தவன், எனக்கு ஒரு வீடு தெரியல."

தாயி, தாத்தா வாத்தியார் ஆனது அன்றைக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். அப்போது அவருக்கு 39 வயது. நீ வேலைக்குச் சேர்ந்து இன்னும் ரெண்டு வருஷம் முடியவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த நோட்டு. சாதாரணக் கோடு போட்ட நோட்டு, மேலே 'வராதவர்கள்' என்று மட்டும் எழுதியிருப்பார். ஒவ்வொரு நாளும் வராத பிள்ளையின் பேர், பக்கத்தில் காரணம். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போவார், திரும்பி வந்து காரணத்தை எழுதுவார். 'பருத்தி எடுப்பு.' 'தாய்க்குப் பிரசவம், தங்கையைப் பார்த்துக்கொள்கிறாள்.' 'சட்டை துவைத்துக் காயவில்லை, வேறு சட்டை இல்லை.' 'வயிற்று வலி என்கிறான், என்னைக் கண்டு பயம் போலிருக்கிறது.' அந்தக் கடைசி வரியை எழுதிய பக்கம் 1971 நோட்டில் இருக்கிறது. விளாறு எப்போது டிராயரை விட்டுப் போனது என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. ஒரே நாளில் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று.

பஸ்ஸை அவரால் நிறுத்த முடியவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். போய் ஏஜெண்டிடம் பேசிப் பார்த்தார், 'நான் விட்டா இன்னொருத்தன் வருவான் சார்' என்றான். தாய்மாரிடம் படிப்பின் அருமையைச் சொல்லிப் பார்த்தார். கடன் கழுத்தை நெரிக்கிற வீட்டில் படிப்பின் அருமை எப்படி ஏறும்? அதனால் ஆபீசிலிருந்து திரும்பி வந்த பிள்ளைகளுக்கு ராத்திரி ஏழு மணிக்கு மேல் நம் வீட்டுத் திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துப் பாடம் ஆரம்பித்தார். முதல் வாரம் வந்தவர்கள் எல்லாம் தூங்கிவிட்டார்கள். தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அதுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது. வீடுகளில் பெட்டி ஒட்டுகிறவர்களுக்குக் கூலி குரோஸ் கணக்கு, குரோசுக்கு 144 பெட்டி. பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை நாக்கில் இருக்கிறது, கணக்கு மட்டும் தெரியாது. தாத்தா பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை எடுத்தார். பன்னிரண்டு பன்னிரண்டு 144, அதுதான் உங்க அம்மா ஒட்டுற குரோஸ். இன்றைக்கு உங்க அம்மா ஒட்டினது எத்தனை, கூலி எவ்வளவு வர வேண்டும், சிட்டையில் எவ்வளவு எழுதியிருக்கிறான், கூட்டிப் பார். கரித்துண்டால் திண்ணைச் சுவரெல்லாம் கணக்கு. ஆச்சி திட்டிக்கொண்டே ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளை அடிப்பாள்.

ஒரு எட்டு வயசுப் பிள்ளை தன் அம்மாவின் சிட்டையைக் கூட்டிப் பார்த்து, அந்த வாரத்துக் கூலி குறைகிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். அந்த அம்மா போய்க் கேட்டாள். கணக்குப்பிள்ளை முதலில் அதட்டினான், பிறகு கொடுத்துவிட்டான். அந்தச் செய்தி ஒரே நாளில் மூன்று தெருவுக்கும் பரவிற்று. அதற்கு மேல் தாத்தா படிப்பின் அருமையை யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராத்திரித் திண்ணையில் இடம் பற்றாமல் தெருவில் சாக்கு விரித்தோம். அதில் சில வீடுகளில் மூத்ததை ஆபீசுக்கு அனுப்பினாலும் சின்னதைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். சில வீடுகளில்தான், எல்லா வீட்டிலும் இல்லை.

உனக்குத் தெலுங்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதற்கும் தாத்தாவிடம் ஒரு வழி இருந்தது. நம் ஊரைச் சுற்றித் தெலுங்கு பேசுகிற வீடுகள் எத்தனை இருக்கின்றன என்று உனக்கே தெரியும். ஒண்ணாம் வகுப்பில் வந்து உட்கார்ந்து திருதிருவென்று முழிக்கிற பிள்ளையிடம் பூனைப் படத்தைக் காட்டி, 'இதுக்கு உங்க வீட்ல என்ன பேரு? எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடு' என்பார். 'பில்லி' என்று அது சொல்லும். அவர் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார். பிள்ளை சிரித்துத் திருத்தும். அப்படித் திருத்தின பிள்ளைக்கு அடுத்த நாள் பயம் இருக்காது, தமிழ் வார்த்தை தானாக வாயில் வரும். கன்னடத்தில் பூனைக்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியாது. உன் ஒண்ணாம் வகுப்புக்குத் தெரியும், கேட்டுப் பார்.

இதெல்லாம் படித்தால் மறுபடி பெரிய மனுஷராகத் தெரிவார் உனக்கு. அதனால் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெயும் சிலேட்டும் நோட்டும் அவர் சம்பளத்திலிருந்துதான் போயின. ஆச்சியின் கம்மல் அடகுக் கடைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு தடவை போனது திரும்பவில்லை. அவள் வேப்பங்குச்சியைக் காதில் செருகிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போனாள். அதை நான் இன்னும் மறக்கவில்லை. எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நடந்தது பங்குனி வெயிலில், பருத்தி எடுப்பும் மிளகாய்ப் பழ எடுப்பும் சேர்ந்த நேரம். அந்த வாரம் முழுக்க அவர் காடு காடாகப் பிள்ளைகளைத் தேடிப் போய்விட்டார். என்ன பரீட்சை எழுதினாய் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் பேரெல்லாம் இருக்கிற நோட்டில் என் பேர் இல்லையே என்று எனக்கு ரொம்ப நாள் வருத்தம் இருந்தது. பிறகு நான் நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்றபோது சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் எதிர்த்து நின்று அனுப்பி வைத்தார். வருத்தம் குறைந்தது, ஆனால் இல்லாமல் போகவில்லை. உங்கப்பாவுக்கு அது இன்னும் இருக்கிறது. அதனால்தான் அவன் தாத்தாவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இதை நீ அவனிடம் கேட்டுக்கொள்ள வேண்டாம், உன் மனசோடு இருக்கட்டும்.

நீ கேட்ட இன்னொரு விஷயம். வராத பிள்ளைக்கும் வருகை போட்டுவிடுங்கள், கணக்கு அழகாக இருக்கும் என்று உன்னிடம் யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். தாத்தாவிடமும் சொன்னார்கள். மற்ற பள்ளிகளில் எல்லாம் பதிவேடு நிறைந்து கிடக்க, இவர் பதிவேட்டில் மட்டும் வரிசையாக 'இல்லை' என்று இருக்கும். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், பிள்ளைகள் குறைந்தால் ஒரு வாத்தியார் இடமே போய்விடும், உமக்குப் பிழைக்கத் தெரியவில்லை என்று சொல்லி மெமோ கொடுத்துவிட்டுப் போனார். 'வராத பிள்ளைய வந்ததா எழுதிட்டா அப்புறம் நான் யாரத் தேடிப் போக?' என்று தாத்தா பதில் எழுதினார். அந்தப் பதிலின் நகல் இங்கே இருக்கிறது. அந்த வருஷம் இன்கிரிமெண்ட் தள்ளிப் போயிற்று. செல்போனில் பதிந்தாலும் பேப்பரில் பதிந்தாலும் உண்மையைப் பதி. இதில் மட்டும் நான் உனக்குச் சலுகை தர மாட்டேன்.

1978 இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நோட்டைப் பார்த்து நீ குழம்புவாய். 26 வருஷம் தும்பிக்கை போட்டு எழுதக் கற்றுக்கொடுத்த 'லை'யையும் 'னை'யையும் பிள்ளைகளுக்குப் புதிய முறையில் கற்றுக்கொடுக்க வேண்டும். பலகையில் ஒரு பிசகு இல்லாமல் புதியதை எழுதினார். ராத்திரி நோட்டில் மட்டும் பழையபடியே எழுதினார். 1989 இல் ரிட்டயர் ஆகும்வரை அப்படித்தான். படிக்கக் கஷ்டமாக இருந்தால் உங்கப்பாவிடம் கேள்.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986 இல் வந்தது. அதன் பிறகும் பஸ் வந்துகொண்டுதான் இருந்தது. 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சிவகாசி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று பேப்பரில் வந்தது. தாத்தா அதை ஆச்சிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். பிறகு பரணிலிருந்து நோட்டுகளை எல்லாம் இறக்கச் சொன்னார். அதில் இருந்தவர்களில் நிறையப் பேர் அப்போது பிள்ளை குட்டி பெற்றுவிட்டார்கள்.

இனி எழுதுவதைக் கவனமாகப் படி. நம் வீட்டில் இதை யாரும் பேசுவதில்லை.

1974, 75 நோட்டுகளில் ஒரு பெண் பிள்ளையின் பேர் திரும்பத் திரும்ப வரும். நாலாம் வகுப்பு. கணக்கில் புலி, தாத்தாவே சொல்வார். ஆபீசுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். தாத்தா அந்த வீட்டுக்குப் போன நாளெல்லாம் எழுதியிருக்கிறது. அப்பன் குடிக்கிறவன், பேச்சு வளர்ந்து ஒரு தடவை தாத்தாவைச் சட்டையைப் பிடித்துவிட்டான். அதற்கப்புறம் அவள் பேருக்கு நேரே ஒன்றும் இல்லை. ரெண்டு மூன்று வருஷம் கழித்துப் பேரை அடித்து, பக்கத்தில் 'கல்யாணம்' என்று எழுதியிருப்பார்.

2001 இல் ஒரு மத்தியானம் அவள் நம் வீட்டுக்கு வந்தாள். பெண்ணைக் கட்டிக் கொடுக்கப் பத்திரிகை கொண்டுவந்தாள். பெண் பி.எஸ்சி. படித்திருந்தாள். நான்தான் காப்பி போட்டுக் கொடுத்தேன். தாத்தா பேச்சோடு பேச்சாக நோட்டை எடுத்துக் காட்டினார், எத்தனை தடவை உங்க வீட்டுக்கு வந்தேன் பார் என்று. அவள் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தாள். நாலாம் வகுப்புப் படிப்புத்தான், தட்டாமல் படித்தாள். படித்து முடித்துவிட்டு, "இன்னும் ஒரே ஒரு தடவ வந்திருக்கலாம் சார். அந்த வாரம் எங்கப்பா மனசு மாறித்தான் இருந்தாரு. சார் இனி வரமாட்டாருன்னு எங்கம்மா ஆபீசுக்கு அனுப்பிட்டா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "ஆமா தாயி, வந்திருக்கணும்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருந்தார்.

தாத்தா மாதிரி என்றால் இதையும் சேர்த்துத்தான் தாத்தா. மாலையும் கூட்டமும் மட்டும் இல்லை. அவருக்கும் எட்டாத வீடு இருந்தது. பாதியில் விட்ட வீடு இருந்தது. உன்னால் எல்லாப் பிள்ளையையும் பெங்களூரிலிருந்து பிடித்துக்கொண்டுவர முடியாது. அதை யாரும் உன்னிடம் கேட்கவும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் அப்பன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிற மேஸ்திரிக்கு அந்த ஊரில் அத்தனை வீடும் தெரிந்திருக்கும். உனக்கு எத்தனை வீடு தெரியும்? நான் குற்றமாகக் கேட்கவில்லை கண்ணு, உண்மையாகவே கேட்கிறேன். ஒரே வீட்டிலிருந்து ஆரம்பி. வாரத்துக்கு ஒரு வீடு போதும். எப்போது போகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள், கேப்பை அறுப்புக்கு வருவார்களா, தாத்தா பாட்டி ஊரில் இருக்கிறார்களா, பிள்ளையை அவர்களிடம் விட்டுவிட்டுப் போக மனசு உண்டா என்று கேள். பாட்டி இருக்கிற வீட்டில் உனக்கு வழி கிடைக்கும் என்று எனக்குப் படுகிறது. காலை உணவு இருக்கிறது, மத்தியானச் சத்துணவு இருக்கிறது, ராத்திரி ஒரு வேளையைத்தான் அந்தப் பாட்டி பார்த்துக்கொள்ள வேண்டும். இதை அவளிடம் எடுத்துச் சொல். பிடி அரிசி கேட்டு அலைந்த தாத்தாவுக்கு இந்த வசதி கிடைத்திருந்தால் என்னென்ன செய்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் மட்டும் போகாதே. யானை நடமாட்டம் இருக்கிற பக்கம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்த ஊர்ச் சமையல் அக்காவைக் கூட்டிக்கொண்டு போ. அவளுக்கு எல்லா வீட்டுப் பாஷையும் தெரியும்.

அரையாண்டுப் பரீட்சை முடியும்வரை இருந்து பார். அப்புறமும் உன் மனசு ஒட்டவில்லை என்றால் தாராளமாக எழுதிக் கொடுத்துவிட்டு வா. உங்கப்பாவிடம் நான் பேசுகிறேன், ஒரு வார்த்தை உன்னைச் சொல்லவிட மாட்டேன். தாத்தா பேருக்காக நீ ஒரு நாளும் அங்கே இருக்க வேண்டாம். அந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்காவது உன் மேல் பிடிப்பு இருந்தால், உனக்கும் அதன் மேல் இருந்தால், அதற்காக இரு.

1971 நோட்டையும் 74, 75 நோட்டுகளையும் துணியில் சுற்றிக் கூரியரில் அனுப்புகிறேன். மூலப் பிரதி, ஈரம் படாமல் வைத்துக்கொள். கூடவே ஆச்சி பக்குவத்தில் பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் வைத்திருக்கிறேன். காலையில் சாதத்தில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. ஸ்வெட்டர் இங்கே நல்லதாகக் கிடைக்காது, ஓசூரில் நீயே வாங்கிக்கொள், பணம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன். பொங்கலுக்கு டிக்கெட் இப்போதே எடுத்துவிடு, அப்புறம் கிடைக்காது. கோவில்பட்டியில் இறங்கினால் உங்கப்பா வந்துவிடுவான், முழங்கால் சரியாக இருந்தால். இல்லாவிட்டால் நான் வருகிறேன்.

அன்புடன்,
உன் அத்தை

பி.கு.: இந்தக் கடிதத்துக்குப் பதிலைப் போனில் சொல்லாதே, எழுது. முதலில் போன வீட்டில் என்ன நடந்தது என்று விவரமாக எழுது.